பால் ஹார்ஹாய்ஸ்: இரட்டையர் ஆட்டக்காரர் ஒருவர் கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தபோது

கேள்வி இது: நெதர்லாந்தின் பால் ஹார்ஹாய்ஸ் இரட்டையரில் பெரிய ஆள் என்று தெரியும். ஆனால் பயிற்சியாளராக, நாடுகளின் ஆண்கள் அணிகள் மோதும் டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையில் கேப்டனாக, அவர் என்னதான் செய்தார்? 2024-இல் நெதர்லாந்து முதல்முறையாக இறுதிப்போட்டிக்குப் போனதில் அவர் கை இருந்ததா, இல்லை ஆட்டக்காரர்கள் நன்றாக ஆடினார்கள், அவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதானா?

கை இருந்தது. எந்த இடத்தில் என்று காட்ட முடியும். அதற்கு அவர் ஆடிய காலத்திலிருந்து தொடங்க வேண்டும். ஹார்ஹாய்ஸின் கேப்டன் வேலை முழுக்க அவருடைய இரட்டையர் அறிவிலிருந்து வந்தது. 2019-இல் டேவிஸ் கோப்பையின் அமைப்பு மாறியபோது அந்த அறிவின் விலை திடீரென்று ஏறியது.

1966 பிப்ரவரி 19-இல் ஐந்தோவனில் பிறந்தவர். பதினேழு பதினெட்டு வயதிலேயே கிராண்ட்ஸ்லாம் (ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓப்பன்கள், விம்பிள்டன் என்ற நான்கு பெரிய போட்டிகள்) ஆடிய ரகம் இல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே கல்லூரி டென்னிஸ் ஆடி, இருபத்து மூன்று வயதில், 1989-இல்தான் தொழில்முறைக்கு வந்தார். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் அணிகளுக்கு இடையே நடக்கிறது. ஒற்றையரும் உண்டு, இரட்டையரும் உண்டு, இரண்டிலும் எடுக்கும் புள்ளி அணியின் கணக்கில் சேரும், ஓரத்தில் பயிற்சியாளர் நின்று பேசுவார். தனி ஆளாகச் சுற்றுப்பயணத்தில் வளர்ந்த ஐரோப்பிய ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்காத பழக்கம் அது.

அந்த 1989-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பனுக்குத் தகுதிச் சுற்று ஆடித்தான் உள்ளே வந்தார். இரண்டாவது சுற்றில் ஜான் மெக்கன்ரோவை நான்கு செட்டில் தோற்கடித்தார். யார் இந்த ஆள் என்று நியூயார்க் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். இரண்டு ஆண்டு கழித்து அதே இடத்தில் முதல்நிலை ஆட்டக்காரரான போரிஸ் பெக்கரை மூன்றாவது சுற்றில் நேர் செட்டுகளில் வீட்டுக்கு அனுப்பினார். பிறகு காலிறுதியில் 39 வயது ஜிம்மி கானர்ஸ்.

இன்றைக்கும் ஹார்ஹாய்ஸ் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவு வருவது அவர் தோற்ற அந்த ஆட்டம்தான். முதல் செட் கையில் இருந்தது. இரண்டாவது செட்டில் 5-4 என்று முன்னிலை, செர்வும் அவருடையது. கானர்ஸுக்குக் கிடைத்த பிரேக் பாயின்ட் ஒன்றில் (எடுத்தால் எதிராளி செர்வ் போட்ட கேம் கைக்கு வரும் புள்ளி) ஹார்ஹாய்ஸ் வலைக்கு வந்து ஸ்மாஷ் அடிக்க அடிக்க, கானர்ஸ் கோர்ட்டின் பின்மூலையிலிருந்து பந்தை உயரத் தூக்கி லாப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றல்ல, நான்கு ஸ்மாஷ் திரும்பி வந்தன. கடைசியில் ஓடி வந்து, வலையருகே நின்றவரைத் தாண்டி நேர்கோட்டில் ஒரு பாசிங் ஷாட். அரங்கமே எழுந்து நின்றது. அந்த செட்டை டைபிரேக்கில் (6-6 என்று வந்தால் செட்டைத் தீர்க்கும் கடைசி கேம்) இழந்த ஹார்ஹாய்ஸ் அதற்குப் பிறகு மீளவில்லை: 4-6, 7-6, 6-4, 6-2.

அந்த ராலியைப் பதிவில் பார்த்தால் விஷயம் புரியும். எதிராளியைக் கோர்ட்டுக்கு வெளியே தள்ளும் கோணம் அந்த ஸ்மாஷ்களில் இல்லை. பலம் இருந்தது, ஆனால் கானர்ஸ் எட்டிப் பிடிக்கக்கூடிய இடத்திலேயே பந்து போய் விழுந்தது. ஒற்றையரில் வலைக்கு வந்தவருக்குப் பின்னால் யாரும் இல்லை, ஆகவே தவறக்கூடாது என்ற பயம் கையைக் கட்டிப்போடும். இரட்டையரில் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். முதல் ஸ்மாஷைத் துணிந்து சாய்வாக அடிக்கலாம், திரும்பி வந்தாலும் துணை பார்த்துக்கொள்வார். ஹார்ஹாய்ஸின் சுபாவத்துக்கு எந்த ஆட்டம் பொருந்தியது என்பதை அடுத்த பத்தாண்டு சொல்லிவிட்டது.

ஒற்றையரிலும் அவர் குறைந்த ஆள் இல்லை. 1995-இல் ஜகார்த்தாவில் ஒரு பட்டம், அதே ஆண்டு உலகத் தரவரிசையில் 18-ஆவது இடம். இதை ஒதுக்கிவிடக் கூடாது. இன்றைய இரட்டையர் வல்லுநர்களில் பலர் ஒற்றையர் முதன்மைச் சுற்றைப் பார்த்தே வருடங்கள் ஆகியிருக்கும். ஹார்ஹாய்ஸ் தலைமுறையில் இரண்டையும் ஒரே வாரத்தில் ஆடுவது சாதாரணம். ஒற்றையரில் ஐந்து செட் ஆடிவிட்டு மறுநாள் இரட்டையருக்கு இறங்கும்போது கால் எப்படி இருக்கும், மனம் எங்கே இருக்கும் என்பது அவருக்குப் பாடமாகத் தெரிந்ததில்லை, உடம்பில் தெரிந்தது. பின்னால் அணி தேர்வு செய்யும்போது இதுதான் உதவியது.

இனி யாக்கோ எல்டிங். ஹேர்ட என்ற ஊரில் பிறந்த இவர் ஹார்ஹாய்ஸைவிட நான்கு வயது இளையவர், ஒற்றையரில் 19-ஆவது இடம் வரை போனவர். இருவரும் சேர்ந்து 39 பட்டங்கள். 1994 ஆஸ்திரேலிய ஓப்பன், அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன், 1995 பிரெஞ்சு ஓப்பன், 1998-இல் மறுபடியும் பிரெஞ்சு ஓப்பன், கடைசியாக விம்பிள்டன். 1994 ஜனவரியிலேயே ஹார்ஹாய்ஸ் இரட்டையர் தரவரிசையில் முதலிடம். ஆண்டு இறுதி உலக இரட்டையர் சாம்பியன்ஷிப்பை 1993-லும் 1998-லும் வென்றார்கள்.

அந்தக் காலத்தில் இந்த இணைக்கு எதிரே நின்றது ஆஸ்திரேலியாவின் டாட் உட்பிரிட்ஜ், மார்க் உட்ஃபோர்ட் இணை. 1994 அமெரிக்க ஓப்பன் இறுதியில் டச்சுக்காரர்கள் வென்றார்கள், 1997 விம்பிள்டன் இறுதியில் ஆஸ்திரேலியர்கள். நடுவில் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் அரையிறுதி: 6-2, 5-7, 18-16 என்று ஆஸ்திரேலியர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்றாவது செட்டில் மட்டும் 34 கேம்! அந்தக் களைப்போடு ஆடிய வெண்கலப் போட்டியில் ஜெர்மனியிடம் தோல்வி, நான்காவது இடம். 2000 சிட்னியில் ஷெங் ஸ்கால்கனோடு ஆடியும் அதே நான்காவது இடம். ஒலிம்பிக் பதக்கம் அவருக்கு எழுதிவைக்கவில்லை.

1998 விம்பிள்டன் இறுதியில் மறுபடியும் அதே ஆஸ்திரேலியர்கள். 2-6, 6-4, 7-6, 5-7, 10-8 என்று ஐந்து செட். இதோடு நான்கு கிராண்ட்ஸ்லாமும் இந்த இணையின் கையில். எல்டிங்கின் முழங்கால் அதற்கு மேல் நெடுங்காலம் ஒத்துழைக்கவில்லை.

பயிற்சியாளர் ஹார்ஹாய்ஸைப் புரிந்துகொள்ள இதற்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகள்தான் முக்கியம் என்பது என் கணிப்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கே நிற்பார் என்று தெரிந்த துணை போய்விட்டார். 1999-இல் அமெரிக்காவின் ஜாரெட் பால்மரோடு விம்பிள்டன் இறுதிக்கு வந்தார். எதிரே நின்றவர்களை நமக்குத் தெரியும்: சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியும், சென்னையின் பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தில் வளர்ந்த லியாண்டர் பயஸும். முதல் செட்டை டைபிரேக்கில் எடுத்த ஹார்ஹாய்ஸ் இணை அடுத்த மூன்றையும் இழந்தது. இந்திய ஆண்கள் இணை முதன்முதலாக விம்பிள்டன் வென்ற அந்த நாளில் வலைக்கு அந்தப்பக்கம் நின்றவர் இவர்தான் என்பதை நம்மில் பலர் மறந்திருப்போம். 2000-இல் சாண்டன் ஸ்டோலோடு பிரெஞ்சு, விம்பிள்டன் இரண்டிலும் இறுதி வரை வந்து, இரண்டிலும் அதே உட்பிரிட்ஜ், உட்ஃபோர்டிடம் தோல்வி. 2002-இல், 36 வயதில், யெவ்கெனி காஃபெல்னிகோவோடு பிரெஞ்சு ஓப்பன் பட்டம்.

ஆக, கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கு நான்கு வெவ்வேறு துணைகளோடு வந்திருக்கிறார். நால்வரும் ஒரே வார்ப்பு இல்லை. எல்டிங் சொந்த நாட்டுக்காரர், நெடுநாள் துணை. காஃபெல்னிகோவோ ஒற்றையரில் உலக முதலிடம் பார்த்தவர், பின்கோட்டு ஆட்டக்காரர். ஒவ்வொருவரோடும் யார் எந்தப் பக்கம் ரிட்டர்ன் எடுப்பது, யார் முதலில் செர்வ் போடுவது, நடுவில் வரும் பந்து யாருடையது, தோற்கும்போது யார் பேசுவது என்று முதலிலிருந்து பேசித் தீர்க்க வேண்டும். கேப்டனின் வேலை கிட்டத்தட்ட இதுவேதான், பந்தடிப்பது மட்டும் வேறொருவர். மொத்தம் 54 இரட்டையர் பட்டங்களோடு 2003-இல் ஓய்வு பெற்றார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தேசிய அணி கேப்டன் வேறு, தனிப் பயிற்சியாளர் வேறு. தனிப் பயிற்சியாளர் ஆண்டு முழுக்கக் கூடவே பயணம் செய்பவர். செர்வில் பந்தைத் தூக்கும் உயரத்தை மாற்றுவது, பேக்ஹேண்ட் பிடியைத் திருத்துவது, போட்டி அட்டவணை போடுவது எல்லாம் அவருடைய வேலை. நெதர்லாந்தில் அந்த வேலைக்கு நல்ல உதாரணம் ரேமன் ஸ்லாய்ட்டர். ஆடிய காலத்தில் 46-ஆவது இடம் வரை போனவர், 2003-இல் சொந்த ஊரான ராட்டர்டாம் போட்டியின் இறுதிக்கு வந்து மேக்ஸ் மிர்னியிடம் தோற்றவர். பின்னர் கிக்கி பெர்டன்ஸின் பயிற்சியாளராகி, அவரை உலகின் நான்காவது இடம் வரை கொண்டுபோனார். அதற்கும் முன்னால் பெட்டி ஸ்டோவ்: 1977 விம்பிள்டனில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றிலும் இறுதிக்கு வந்து மூன்றிலும் தோற்றவர். 1985-இல் ஹானா மண்ட்லிகோவா அமெரிக்க ஓப்பன் வென்றபோது அவருடைய பயிற்சியாளர் இந்த ஸ்டோவ்தான்.

கேப்டனுக்கு ஆட்டக்காரர்கள் ஆண்டில் சில வாரங்கள்தான் கிடைப்பார்கள். ஆட்டத்துக்கு நான்கைந்து நாள் முன்னால் வந்து சேருவார்கள், சிலர் வேறு கண்டத்திலிருந்து, வேறு வகைத் தரையிலிருந்து. அந்த நாட்களில் ஒருவரின் ஃபோர்ஹேண்டைத் திருத்தப் பார்ப்பதைவிடப் பெரிய தவறு இல்லை. பழைய அடி கலைந்துவிடும், புதியது பதியாது, வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் இரண்டுமே கையில் இருக்காது. புதிதாகக் கேப்டன் ஆகும் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். கேப்டன் செய்யக்கூடியவை வேறு: உள்ளூர் ஆட்டமென்றால் தரையைத் தேர்வு செய்வது, யாரை அழைப்பது, யாரை இறக்குவது, பயிற்சி நேரத்தை எப்படிப் பிரிப்பது, ஆட்டக்காரரின் சொந்தப் பயிற்சியாளரோடு முரண்படாமல் நடப்பது, கோர்ட்டோர நாற்காலியில் என்ன சொல்வது.

அந்த நாற்காலிக்குத் தனி மதிப்பு உண்டு. சாதாரணச் சுற்றுப்போட்டிகளில் ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் பேசுவது நெடுங்காலம் தடையாக இருந்தது. பார்வையாளர் பகுதியிலிருந்து பேச விதி முழுதாக இடம் கொடுத்ததே 2025-இல்தான். டேவிஸ் கோப்பையிலும் பெண்களுக்கான ஃபெட் கோப்பையிலும் (2020 முதல் அதன் பெயர் பில்லி ஜீன் கிங் கோப்பை) கேப்டன் எப்போதுமே கோர்ட்டோரம் உட்கார்ந்து பேசலாம். ஆனால் பக்கம் மாறும் இடைவேளை 90 விநாடிதான், செட் முடிந்தால் 120 விநாடி. தண்ணீர் குடித்து, துண்டால் துடைத்து, மூச்சு வாங்கியது போக, காதில் ஏறுவதற்கு முப்பது நாற்பது விநாடி மிஞ்சும். அதற்குள் ஒரு விஷயம் சொல்லலாம். இரண்டு சொன்னால் முதலாவது மறந்துபோகும். "இரண்டாவது செர்வை உடம்பைப் பார்த்துப் போடு" என்பது பயன்படும். "நம்பிக்கையோடு ஆடு" என்பதால் ஒன்றும் ஆகாது.

ஹார்ஹாய்ஸ் முதலில் பெண்கள் அணியின் கேப்டன் ஆனார். 2015-இல் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி அணி ஃபெட் கோப்பையின் மேல்மட்டமான உலகக் குழுவுக்கு ஏறியது. 2016 பிப்ரவரியில் மாஸ்கோவில் ரஷ்யா. காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. முதல் நாள் ரிஷெல் ஹோகன்காம்ப், முன்னாள் கிராண்ட்ஸ்லாம் சாம்பியன் ஸ்வெட்லானா குஸ்னெட்சோவாவை 7-6, 5-7, 10-8 என்று நான்கு மணி நேரம் போராடி வென்றார். ஃபெட் கோப்பை வரலாற்றில் அதுவரை அதுதான் மிக நீண்ட ஆட்டம். மறுநாள் களைத்திருந்த குஸ்னெட்சோவாவை பெர்டன்ஸ் எளிதாக முடித்தார். 3-1. ஒரு ஆட்டத்தின் நீளம் அடுத்த ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் என்பது அணிப் போட்டியின் இயல்பு, மாஸ்கோ அதற்கு அப்பட்டமான உதாரணம்.

ஏப்ரலில் பிரான்சின் ட்ரேலாசேயில் அரையிறுதி. பெர்டன்ஸ் தன் இரண்டு ஒற்றையரையும் வென்றார், மற்ற இரண்டும் பிரான்சுக்கு. 2-2. தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டம் இரட்டையர். நெதர்லாந்துக்கு பெர்டன்ஸும் ஹோகன்காம்பும் இறங்கினார்கள். எதிரே கரோலின் கார்சியாவும் கிறிஸ்டினா மிளாடெனோவிச்சும். இவர்கள் வாரா வாரம் சேர்ந்து ஆடிய இணை, இரண்டு மாதத்தில் பிரெஞ்சு ஓப்பன் இரட்டையரையே வென்றவர்கள். பிரான்ஸ் வென்றது. நெதர்லாந்திடம் ஒரு பெர்டன்ஸ் இருந்தார், ஒரு இரட்டையர் இணை இல்லை. இரட்டையரில் முதலிடம் பார்த்த கேப்டனுக்கு அதை ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருந்திருக்கும்! (அந்த ஆண்டு பெர்டன்ஸ் பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதி வரை போனதற்கும் ஹார்ஹாய்ஸுக்கே புகழ் கொடுப்பவர்கள் உண்டு. அது சரியில்லை, அந்தப் பெருமை ஸ்லாய்ட்டர் கணக்கில் சேரவேண்டியது.)

2017-இல் யான் சீமரிங்கிடமிருந்து ஆண்கள் அணியும் அவர் கைக்கு வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் போட்டியின் அமைப்பே மாறியது. பழைய டேவிஸ் கோப்பை மூன்று நாள் நடக்கும்: நான்கு ஒற்றையர், ஒரு இரட்டையர், எல்லாம் ஐந்து செட். இரட்டையர் நடு நாளில், ஐந்தில் ஒரு புள்ளி. ஒற்றையரில் இரண்டு வலுவான ஆட்கள் இருந்தால் இரட்டையரை விட்டுக்கொடுத்துக்கூட வெல்லலாம். 2019-இல் வந்த இறுதிச்சுற்று அமைப்பில் எல்லாம் ஒரே நாள்: இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர், மூன்று செட். இரட்டையர் இப்போது மூன்றில் ஒரு பங்கு, அதிலும் கடைசியில். 1-1 என்று வந்துவிட்டால் எல்லாமே அதன் தலையில்.

ஒற்றையர் வரிசையையும் கவனிக்க வேண்டும். முதலில் இரு அணிகளின் இரண்டாம் நிலை ஆட்டக்காரர்கள் மோதுவார்கள், பிறகு முதல்நிலை ஆட்டக்காரர்கள், அதன்பின் இரட்டையர். ஆகவே முதலில் ஆடியவருக்கு இரட்டையருக்கு முன் ஒரு முழு ஆட்டத்தின் ஓய்வு கிடைக்கும்: சாப்பிடலாம், மசாஜ் எடுக்கலாம், சட்டை மாற்றலாம். இரண்டாவதாக ஆடியவருக்குச் சிறிது நேரம்தான். முன்கூட்டி அறிவித்த இரட்டையர் இணையை ஒற்றையர் முடிந்த பிறகு மாற்றவும் கேப்டனுக்கு உரிமை உண்டு. இந்தச் சின்ன விதிக்குள்தான் புதிய டேவிஸ் கோப்பையின் கேப்டன் வேலை பாதி அடங்கியிருக்கிறது.

ஹார்ஹாய்ஸ் இதை எப்படிக் கையாண்டார் என்று மூன்று ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

2022, கிளாஸ்கோ, குழுச் சுற்று, பிரிட்டனுக்கு எதிராக. ஒற்றையர் 1-1. இரட்டையருக்கு வெஸ்லி கூல்ஹோஃப், மட்வே மிடில்கூப் என்று இரண்டு முழுநேர இரட்டையர் ஆட்களை இறக்கினார். எதிரே ஜோ சாலிஸ்பரியும் ஆண்டி மர்ரேயும், சொந்த மண், ஆரவாரம். 7-6, 6-7, 6-3 என்று டச்சு இணை வென்றது. குழுவில் முதலிடம் பிடித்து, காலிறுதி முதல் நடக்கும் ஸ்பெயினின் மலகாவுக்குப் போனார்கள். அங்கே காலிறுதியில் ஆஸ்திரேலியா இரண்டு ஒற்றையரையும் எடுத்துவிட்டது, இரட்டையருக்கு வேலையே இல்லாமல் போனது.

2023, மலகா, இத்தாலிக்கு எதிராகக் காலிறுதி. போட்டிக் வான் டெ ஸாண்ட்ஸ்குல்ப் முதல் ஆட்டத்தை மூன்று செட்டில் வென்றார். டாலன் க்ரீக்ஸ்போர் யானிக் சின்னரிடம் தோற்றார். 1-1. இரட்டையருக்கு கூல்ஹோஃபோடு இறங்கியவர், அப்போதுதான் தோற்றுவிட்டு வந்த க்ரீக்ஸ்போர். எதிரே அப்போதுதான் வென்றுவிட்டு வந்த சின்னர், லோரென்சோ சோனேகோவோடு. இத்தாலி நேர் செட்டில் முடித்தது. இருவருக்கும் உடல் களைப்பு ஒன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஒரே எதிராளியிடம் ஒரே மாலையில் இரண்டாவது முறை செர்வ் வாங்க நிற்பவரின் மனம், அரை மணி முன்னால் அவரைத் தோற்கடித்தவரின் மனம் மாதிரி இருக்காது.

2024 நவம்பர் 19, அதே மலகா, காலிறுதி, ஸ்பெயின். ரஃபேல் நடாலின் கடைசிப் போட்டித்தொடர். ஸ்பெயின் கேப்டன் டேவிட் ஃபெரர் அவரை ஒற்றையரில் இறக்கினார். 2004-இல் தன் முதல் டேவிஸ் கோப்பை ஒற்றையரைத் தோற்றபின் தொடர்ந்து 29 ஒற்றையர் வென்றிருந்தவர் நடால். வான் டெ ஸாண்ட்ஸ்குல்ப் 6-4, 6-4 என்று அவரை வென்றார். அந்த ஆண்டு அமெரிக்க ஓப்பனில் கார்லோஸ் அல்கராஸை நேர் செட்டில் கவிழ்த்தவரும் இதே ஆள்தான், தரவரிசையில் எங்கோ கீழே இருந்தபோதும் பெரிய பெயருக்கு மிரளாதவர். அடுத்து அல்கராஸ் க்ரீக்ஸ்போரை 7-6, 6-3 என்று தோற்கடித்தார். மறுபடியும் 1-1, ஓராண்டுக்கு முந்தைய அதே நிலை.

இம்முறை கூல்ஹோஃபோடு போனவர் வான் டெ ஸாண்ட்ஸ்குல்ப். க்ரீக்ஸ்போர் ஆடிய நேரம் முழுக்க ஓய்வெடுத்தவர், வெற்றி பெற்றவர், அன்றைக்கு அல்கராஸின் செர்வைச் சந்திக்காதவர். கூடவே இன்னொரு கணக்கும் இருந்தது. கூல்ஹோஃப் 2022-இல் நீல் ஸ்குப்ஸ்கியோடு சேர்ந்து இரட்டையர் முதலிடத்தில் ஆண்டை முடித்தவர், 2023 விம்பிள்டன் வென்றவர், இந்த மலகா தொடரோடு ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தார். இரட்டையர் வல்லுநரோடு ஒரு ஒற்றையர் ஆளைச் சேர்க்கும்போது வேலைப் பிரிவினை எளிது: வல்லுநர் வலையருகே குறுக்கே பாய்ந்து வெட்டுவார், மற்றவர் செர்வையும் ரிட்டர்னையும் தவறாமல் போட்டால் போதும். ஒற்றையர் ஆளைத் தன் பழக்கத்துக்கு அந்நியமான எதையும் செய்யச் சொல்லக் கூடாது. அவரை வலைக்கு இழுத்து, பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலி அடிக்க வைக்கும் கேப்டன்கள் தோற்பார்கள்.

அல்கராஸும் மார்செல் கிரனோலெர்ஸும் அதே மாதிரிக் கலவைதான், காகிதத்தில் இன்னும் பலமான கலவை. 7-6, 7-6 என்று நெதர்லாந்து வென்றது. நடாலின் ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது, உலகம் அதை மட்டும்தான் பேசியது. கேப்டன் எடுத்த முடிவைப் பற்றி யாரும் பேசக் கேட்கவில்லை.

அரையிறுதியில் ஜெர்மனியை இரண்டு ஒற்றையரிலேயே முடித்தார்கள்: வான் டெ ஸாண்ட்ஸ்குல்ப் டேனியல் ஆல்ட்மையரை, க்ரீக்ஸ்போர் யான்-லெனார்ட் ஸ்ட்ரூஃபை, இரண்டும் மூன்று செட். நெதர்லாந்து வரலாற்றில் முதல் டேவிஸ் கோப்பை இறுதி.

நவம்பர் 24, இறுதி, மறுபடியும் இத்தாலி. மாட்டியோ பெரெட்டினி வான் டெ ஸாண்ட்ஸ்குல்ப்பை 6-4, 6-2 என்றும், சின்னர் க்ரீக்ஸ்போரை 7-6, 6-2 என்றும் வென்றார்கள். இரட்டையர் நடக்கவே இல்லை. கூல்ஹோஃபின் கடைசி ஆட்டம் காலிறுதியோடு முடிந்துபோனது. ஹார்ஹாய்ஸ் வழியின் பலவீனமும் இதில்தான் தெரிகிறது. கடைசி ஆட்டத்துக்காக எவ்வளவு தயாராக இருந்தாலும் ஒரு ஒற்றையராவது கையில் வரவேண்டும். சின்னர் எதிரே இருக்கும்போது அந்த ஒன்று முதல் ஆட்டத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். இத்தாலி கேப்டன் பிலிப்போ வோலாண்ட்ரி அதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக லோரென்சோ முசெட்டி முதல் ஒற்றையரைத் தோற்றதும், அரையிறுதியிலிருந்து அந்த இடத்துக்கு வேகமான உள்ளரங்கத் தரையில் செர்வால் பிழைக்கும் பெரெட்டினியைக் கொண்டுவந்தார். அதே காலிறுதியில் அறிவித்திருந்த இரட்டையர் இணையையும் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டு சின்னர், பெரெட்டினி இருவரையும் இறக்கி வென்றார். சின்னர் தன் ஒற்றையரைச் சீக்கிரம் முடித்திருந்ததால் அது எடுபட்டது. களைத்த ஆளை இறக்கக் கூடாது என்று பொதுவிதி போட முடியாது, எவ்வளவு களைத்தார், வென்று களைத்தாரா தோற்றுக் களைத்தாரா என்று பார்க்க வேண்டும்.

கேப்டன் முடிவுகள் கண்ணில் படாதவை. பார்த்துப் பழக விரும்பினால் 2023 இத்தாலி இரட்டையரையும் 2024 ஸ்பெயின் இரட்டையரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு மூன்று விஷயங்களை மட்டும் கவனியுங்கள்: கூல்ஹோஃப் செர்வ் போடாத கேம்களில் வலையருகே எத்தனை முறை குறுக்கே போகிறார், அவருடைய துணையின் முதல் செர்வ் எவ்வளவு உள்ளே விழுகிறது, டைபிரேக்கில் யார் முதலில் செர்வ் எடுக்கிறார்கள். நேரம் இருந்தால் 1998 விம்பிள்டன் இறுதியின் ஐந்தாவது செட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்டிங் செர்வ் போடும்போது வலையருகே நிற்கும் ஹார்ஹாய்ஸின் கால்களைப் பாருங்கள்.